கொல்லைப்புறத்து அடுப்பு

தைப்பிங் நகரில் மழை எந்நேரத்தில் இறங்கும் என்று பந்தயம் கட்டி மகிழ்ந்த காலம் ஒன்று உண்டு. மலேசியாவில் மிகுதியான மழை பெறும் ஊர்களுள் ஒன்றான அந்நகரில், திறந்த வெளியில் வைத்துச் சமைப்பதற்கென்று ஒரு கரி அடுப்பு வாங்க முற்பட்டார், ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர். அகவை அறுபத்தெட்டு. வரிசை வீட்டின் பின்புறம் இருபது அடிக் கொல்லை. ஒரு ரம்புத்தான் மரம். அதையொட்டி இடுப்பளவுச் சுவர். கேட்பவர்க்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். அவருக்கு அது சிறிய காரியமன்று.

அவர் பிறந்தது பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில். அன்னை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பால் வெட்டப் புறப்படும் முன் அடுப்பு மூட்டுவார். எரிப்பதற்குப் பால்மரக் கட்டை. மழைக் காலத்தில் அது காய்ந்திருப்பது அரிது. புகைபோக்கி என்ற ஒன்றை அந்த லயம் கண்டதில்லை. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவார், இருமுவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஊதுவார். 1974இல் அவர் மறைந்தபோது நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். அடுப்படியைப் பற்றி எவரும் பேசவில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அந்தக் கணக்கு எழுதப்படாத நாளில் இறந்தவர் அந்தத் தாய்.

வேலை கிடைத்ததும் மகன் வாங்கிய முதற்பொருள் எரிவாயு அடுப்பு. தம் வீட்டில் இனிப் புகை எழக்கூடாது என்று அன்று எண்ணிக்கொண்டார். ஊதுபத்தியைக் கூட வாசலுக்கு வெளியே ஏற்றுபவர் என்று உறவினர் நகைப்பதுண்டு.

அப்படிப்பட்டவரிடம், பள்ளி விடுமுறைக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பேத்தி, “தாத்தா, இந்தத் தீபாவளிக்குக் கொல்லையில கரி அடுப்பு வச்சுக் கோழி வாட்டலாமா? தோழி வீட்டில செஞ்சாங்க” என்று கேட்டாள். கோலாலம்பூரிலிருந்து மகன், “அப்பா, கேஸ் அடுப்பே வாங்கிடுங்க, தொல்லையில்லை” என்றார். பேத்திக்கு அதில் விருப்பமில்லை. மனைவி மட்டும், “என்னங்க, புள்ள ஆசைப்பட்டுக் கேக்குது. புகை வராம ஒரு வழி இருக்கான்னு பாருங்களேன்” என்றார்.

அடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோல் இவ்வாறு முடிவாயிற்று. பிறர் விலையையும் பருமனையும் பார்ப்பர். இவர் பார்த்தது புகையை.

இன்னொரு காரணமும் இருந்தது. சுவருக்கு அப்பால் ஒரு மலாய் மூதாட்டி வாழ்கிறார். அவருக்கு ஆஸ்துமா. அவர் படுக்கையறையின் சன்னல் ரம்புத்தான் மரத்தை நோக்கியே திறக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது பேரங்காடியில் அடுக்கியிருந்த மெல்லிய தகட்டுப் பெட்டி. நான்கு கால், ஒரு கம்பித் தட்டு. மூடி கிடையாது. மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. தைப்பிங் மழையில் ஓராண்டு தாங்கினால் வியப்பு. அடுத்து, பற்றவைக்கும் பட்டறை ஒன்றில், இரும்புப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கால் வைத்த அடுப்பு. விருந்துக்கு ஐம்பது பேர் வந்தால் அதுவே ஏற்றது. ஆனால் அந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும். உள்பூச்சு முழுதும் எரிந்து போகுமாறு வெறுந்தீ மூட்டிய பிறகே அதில் உணவை வைக்கலாம். துத்தநாகம் பூசிய தகடு கடுந்தீயில் நச்சுப் புகை விடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். சாத்தே வாட்டும் நீண்ட ஒடுங்கிய தொட்டியையும் பார்த்தார். குச்சியின் பிடி வெளியே நிற்க, இறைச்சி மட்டும் தணலுக்கு மேலே கிடக்குமாறு அமைந்த அதன் அகலம் மிகுந்த அறிவோடு கணக்கிடப்பட்டது. எனினும் கொழுப்பு நேரே தணலில் சொட்டுவதால் எழும் புகைக்கு அதில் தடுப்பில்லை. அந்தப் புகைதான் சாத்தேயின் சுவை என்பாரோடு வாதிட அவர் முனையவில்லை.

ஒரு கடையில் பக்கவாட்டுப் பெட்டி கொண்ட புகையூட்டும் அடுப்பு கம்பீரமாக நின்றது. பெட்டியில் விறகு எரியும். புகையும் வெப்பமும் நீண்ட உருளைக்குள் புகுந்து மறுமுனைக் குழாய் வழியே வெளியேறும். 110 பாகை செல்சியசு அளவில் எட்டு, பத்து மணி நேரம் இறைச்சியை வைத்துப் பதமாக்கும் டெக்சாஸ் முறைக்கு உரியது அது. சுற்றிலும் வெட்டவெளி உள்ளவர்க்குப் பொருந்தும். வரிசை வீட்டில் அதை மூட்டுவது அண்டை வீட்டாரோடு போர் தொடுப்பதற்கு ஒப்பாகும்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, தடித்த பீங்கானால் ஆகிய முட்டை வடிவ ‘கமாடோ’. ஜப்பானியரின் சோற்றடுப்பிலிருந்து பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்களால் அவர்கள் நாட்டுக்குப் போய்ப் புது உருப்பெற்றது. சிறிது கரியில் நெடுநேரம் வெப்பம் காக்கும். விலையோ ஓய்வூதியக்காரரை நாணச் செய்யும். எடையோ இருவர் தூக்க வேண்டும். மற்றொன்று, உருண்டை வடிவக் கெண்டி அடுப்பு. சிகாகோவில் வெபர் சகோதரர்கள் உலோகத் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவைக்கென்று செய்யப்பட்ட இரும்புக் கோளத்தை இரண்டாகப் பிரித்து 1952இல் உருவாக்கியது. அடியில் ஒரு காற்றுத் துவாரம். மூடியில் ஒரு துவாரம். காற்றைக் குறைத்தால் தீ அடங்கும், கூட்டினால் எழும். பீங்கான் பூச்சு சிதையாத வரை துருவும் ஏறாது.

அடுப்பை வாங்கு முன் கரியைப் பார்த்துவிட எண்ணிப் பேத்தியோடு கோலா செப்பெத்தாங் சென்றார். 1885இல் மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இவ்வூர் வரையே போடப்பட்டது. அப்போது இதன் பெயர் போர்ட் வெல்ட். ஊரைச் சூழ்ந்திருப்பது ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஒழுங்கு முறையோடு பேணப்படும் இக்காட்டில் பாக்காவ் மரங்களை முப்பதாண்டு வளர்த்தே வெட்டுகின்றனர்.

பெருங்கறையான் புற்றுகளைப் போல் செங்கற் சூளைகள் வரிசையாய் நின்றன. பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நிறுத்தி, வாயிலில் மட்டும் தீ மூட்டுகிறார்கள். உள்ளிருக்கும் மரம் எரிவதில்லை; வேகிறது. நீரும் கீலும் ஆவியாகிப் புழை வழியே வெளியேறுகின்றன. அந்த ஆவியின் மணத்தையும் சூட்டையும் கொண்டே பதத்தை அறிகிறார் சூளைக்காரர். பின் வாயிலை அடைத்துவிட்டு ஆற விடுகிறார். எல்லாம் முடிய ஒரு மாதம் போல ஆகிறது. மரத்தின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே கரியாக மிஞ்சுகிறது. தட்டினால் கணீரென்று ஒலித்தது.

“அப்போ இதுல இருந்த புகையெல்லாம் எங்க போச்சு தாத்தா?”

“இங்கேயே போயிடுச்சும்மா.”

அவர் சூளையின் முகப்பில் வெகுநேரம் நின்றார். ஈரக் கட்டையிலிருந்து புகையைப் பிரிக்க இங்கே ஒரு மாதமும் ஒரு சூளையும் தேவைப்படுகின்றன. அன்னைக்கு இருந்தது ஊதுகுழல் ஒன்றுதான்.

திரும்பும் வழியில் கெண்டி அடுப்பையே வாங்கினார். கரி புகையாது என்பதாலேயே அதை வீட்டுக்குள் மூட்டிவிடலாகாது. கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து எழும். மூடிய இடத்தில் அது உயிரைக் குடிக்கும். ஆகவே மழை தூறினாலும் அடுப்பு கொல்லையிலேயே நிற்கும் என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

தீபாவளிக்கு மறுநாள் மாலை. கோழியை மலாய்க்காரர் கடையில் வாங்கி வந்திருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றாமல், துளையிட்ட பழைய பால்மாவு டின்னுக்குள் கரியை அடுக்கி, அடியில் காகிதத்தைக் கொளுத்தினார். கரி சாம்பல் பூத்த பின் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் நீர்த் தட்டை வைத்து அதன் மேலே கோழியை அடுக்கினார். கொழுப்பு தணலில் விழவில்லை, நீரில் விழுந்தது. மூடினார். வெளிவந்தது மெல்லிய நீல இழை. மூதாட்டியின் சன்னல் திறந்தே இருந்தது.

“தாத்தா, கொஞ்சம் புகை வேணும். அப்பத்தான் வாசமா இருக்கும்.”

அவர் உடனே விடை கூறவில்லை. பிறகு ரம்புத்தான் மரத்தடியில் கிடந்த காய்ந்த கிளையில் விரலளவு ஒடித்துத் தணலோரம் வைத்தார். சில நொடிகளில் மணம் பரவியது. அது இரப்பர்க் கட்டையன்று. ஆனாலும் மனைவி அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

மூதாட்டிக்குச் சுவரின் மேலாக ஒரு தட்டு நீட்டப்பட்டது. “மக்சிக், புகை வந்ததா?” என்று மலாய் மொழியில் கேட்டார். வரவில்லை என்றும், மணம் மட்டும் வந்தது என்றும் சொல்லி அவர் வாங்கிக்கொண்டார்.

தூறல் தொடங்கியது. மேல் துவாரத்தையும் கீழ்த் துவாரத்தையும் அடைத்தால் தணல் அணைந்து, மிஞ்சிய கரி மறுமுறைக்கு உதவும். பேத்தியைக் கொண்டே இரண்டையும் அடைக்கச் செய்தார்.