காரை விழுந்த கூடம்

வீட்டுத் தரையைப் பற்றிப் பெண்களாகிய நமக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எந்தக் கல் ஆடுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்லி விடுவோம். ஆனால் தலைக்கு மேலே? பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிற அன்று ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அதற்குள் கழுத்து வலி வந்து விடுகிறது!

பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் எங்கள் வீடு. மாமனாரின் தகப்பனார் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. போன ஐப்பசி மழை ஓய்ந்த நாலாம் நாள், கூடத்து மேல் காரை ஒரு முழ நீளம் பெயர்ந்து, அத்தையின் கட்டிலில், தலையணை மேலேயே விழுந்தது. அத்தை அப்போது கொல்லையில் கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். அது யார் செய்த புண்ணியமோ!

ஒரு காண்டிராக்டர் வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். "இதைத் தொடவே கூடாதம்மா. இடித்து விட்டு அடுக்கு மாடியாகக் கட்டுங்கள்" என்றார். கொழுந்தனாரின் முகம் மலர்ந்து விட்டது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலைத் தாமே இழுத்துக் கொண்டு போய்ச் சமையலறை ஓரத்தில் போட்டுக் கொண்டார். அந்த மௌனம்தான் என்னை வேறு ஒரு கொத்தனாரைத் தேட வைத்தது.

எங்கள் பேட்டையில் எந்தக் கீறல் விழுந்தாலும் ரயில் மேல் பழி போடுவது வழக்கம். 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்ட நாளாக நடந்து வரும் வழக்கு என்று நினைக்கிறேன். ஏற்கெனவே விட்டுப் போன காரை வேண்டுமானால் ரயில் அதிர்வில் உதிரலாம். அதைக் கூரையிலிருந்து பிரித்து வைப்பது தண்ணீர். வந்த கிழக் கொத்தனார் கூடத்தைப் பார்க்கவே இல்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருந்தது. பக்கத்தில் ஓர் அரசங்கன்று, வேரைத் தளத்துக்குள் விட்டுக் கொண்டு, ஜம்மென்று நின்றது. மேலே ஒழுக்கை அடைக்காமல் கீழே பூசுகிறவனுக்குக் கூலி கொடுக்காதீர்கள், சகோதரிகளே.

மெட்ராஸ் டெரஸ் என்பது என்ன தெரியுமா? தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அப்புறம் தட்டோடு. நம் ஊர்ச் சுண்ணாம்பு கடல் கிளிஞ்சலைச் சுட்டது. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி வந்த காலம் உண்டு. 1904-ல் கிளிஞ்சலை வைத்தே இங்கே சிமெண்ட் கூடச் செய்து பார்த்திருக்கிறார்கள்!

அந்தச் சிமெண்ட்தான் இந்தக் கூரைகளுக்குச் சத்துரு. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. பழைய காரை மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, இரண்டு மழைக்காலத்தில் பெரிய பாளமாக விழும். 2012 ஜனவரியில் தீக்கு இரையான சேப்பாக்கம் கலச மஹாலைப் புதுப்பித்த போதும் சுண்ணாம்புக் காரையைத்தான் நாடினார்கள். இதைச் சொன்னதும் கொழுந்தனார், "அண்ணி, நம் வீடு நவாப் அரண்மனையா?" என்றார். பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்குக் காப்பி கொடுத்து விட வேண்டும்.

வேலையைச் சொல்கிறேன். துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிக் கொண்டே போங்கள். 'டக் டக்' என்றால் கெட்டி. 'தொப் தொப்' என்றால் விட்டுப் போய் விட்டது. தொப்பென்கிற இடத்தையெல்லாம், கெட்டி தட்டும் வரையில் கொட்டி எடுக்க வேண்டும். மூக்குக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 2016-ல் வந்த விதி ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. உங்கள் சுவரில் முன்பே ஏறி விட்டதை அந்த விதி என்ன செய்யும்? நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பி விடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சட்டங்களின் நுனி. சுவருக்குள் போகும் இடத்தில் ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் கரையானோ உளுப்போ பிடித்திருக்கிறது. அப்போது பூச்சு வேலை இல்லை, என்ஜினீயர் வேலை. எங்கள் கூடத்தில் பதினான்கு சட்டங்கள். கொத்தனார் ஒவ்வொன்றாகக் குத்திக் கொண்டு வர, நான் ஏணியைப் பிடித்துக் கொண்டு எண்ணினேன். பதின்மூன்று கெட்டி. பதினான்காவது, அரசங்கன்றுக்கு நேர் கீழே, கால் அங்குலம் இறங்கியது. என்ஜினீயரை அழைத்து, முட்டுக் கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம்.

பிறகுதான் பூச்சு. இடத்தை நன்றாக நனைத்து, நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் சேர்ந்த கலவையை அரை அங்குலத்துக்கு மேற்படாமல், ஒரு கை காய்ந்த பின் மறு கையாகப் பூச வேண்டும். ஒரு வாரம் நீர் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெள்ளத்தான் இறுகும். அவசரக்காரர்களுக்கு அது வசப்படாது.

கான்கிரீட் தளத்தில் கதை வேறு. கடற்காற்றின் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துரு பிடிக்க வைக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்டுக் காரையைத் தள்ளும். கம்பியின் பின்புறம் வரை துருவை எடுக்காமல் பூசுவது வீண்.

திருவொற்றியூரில் என் மகளின் பிளாட்டில் ஜிப்ஸம் பலகைக் கூரை. தண்ணீரில் ஊறி உப்பினால் அந்தத் துண்டை வெட்டி மாற்றத்தான் வேண்டும். இணைப்பில் மயிரிழைக் கீறல் மட்டுமென்றால் காகித நாடா ஒட்டி, மூன்று கை பட்டி, ஒவ்வொன்றும் முந்தியதை விட அகலமாக இழுத்து, உப்புத்தாள் போட்டால் போதும். பொரிபொரியான பூச்சானால் பஞ்சால் ஒற்றி எடுத்துப் பொருத்தலாம். பழுப்புக் கறைக்கு முதலில் எண்ணெய்ப் பிரைமர் அடிக்கா விட்டால், எத்தனை வெள்ளை பூசினாலும் எட்டிப் பார்க்கும்.

கூடத்துக்கு வெள்ளையடித்த மறுநாள் அத்தை வந்து அண்ணாந்து பார்த்தார். துடைப்பக் கட்டையை வாங்கி, தாமே நாலு தட்டுத் தட்டினார். பிறகு பேரனைக் கூப்பிட்டுக் கட்டிலை உள்ளே போடச் சொன்னார். அடுக்கு மாடிப் பேச்சு இன்னும் முடியவில்லை. தை பிறந்ததும் பேசலாம் என்று கொழுந்தனார் சொல்லியிருக்கிறார்.