கொல்லையிலிருந்து கொல்லிமலைக்கு

கொல்லிமலைக்குப் போக வேண்டுமானால் எங்கிருந்து புறப்பட வேண்டும்? "நாமக்கல்லிலிருந்து" என்பார் ஒருவர். "ஏன், சேலத்திலிருந்தும் போகலாமே!" என்பார் இன்னொருவர். பஸ்ஸிலோ காரிலோ போகிறவர்களுக்கு இந்தப் பதில் போதும். ஆனால் வயதான மோட்டார் சைக்கிள் ஒன்றில், கணவர் முன்னால் அமர, நீங்கள் பின்னால் அமர்ந்து போவதாக இருந்தால், பயணம் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. அதுவும் புறப்படுகிற தினத்தன்று அல்ல. அதற்கு நாலு ஞாயிற்றுக்கிழமை முன்னதாக!

"மோட்டார் சைக்கிள் ரிப்பேரா? அது ஆண்கள் சமாசாரம் அல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்னால் இருப்பவர் வசம் பிரேக் இருக்கிறது, கியர் இருக்கிறது, ஹாரன் இருக்கிறது. பின்னால் இருக்கும் நம் வசம் என்ன இருக்கிறது? ஒரு கையில் பை. இன்னொரு கையில் அவருடைய தோள். அவ்வளவுதான். வண்டி நின்றால் நமக்கும் சேர்த்துத்தான் நிற்கிறது. நிற்காமல் போனாலோ நம்மையும் சேர்த்துக்கொண்டுதான் போகிறது. அந்தப் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

திருவொற்றியூர்ப் பெண்

எங்கள் வீட்டு வண்டி புல்லட் 350. என் மாமனார் 1984-ல் வாங்கியது. பிறந்த ஊர், வடிவுடையம்மனும் பட்டினத்தார் சமாதியும் இருக்கிற அதே திருவொற்றியூர்.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்டது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1977-ல் நம் ஊர் வண்டிகள் இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின! புகுந்த வீட்டில் காலூன்றி, நொடித்துப்போன பிறந்த வீட்டுக்குச் சீர் அனுப்பிய பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கதைதான் இது.

எங்கள் வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பொத்தானை அமுக்கினால் கிளம்பாது. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். இன்று வருகிற புல்லட்டுகளில் இதெல்லாம் மாறிவிட்டது. ஆகவே புது வண்டிக்காரர்கள் அவரவர் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்வதே உத்தமம். ஆனால் பழைய இரும்பு எஞ்சினில் ஒரு சௌகரியம் உண்டு: அது எதையும் ஒளித்து வைக்காது. ஸ்பானர் எடுத்தால் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும்.

நாலு ஞாயிறு

முதல் ஞாயிறு, ஆயில். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்துவிட வேண்டும். சூட்டில்தான் எண்ணெய் இளகும். இளகினால்தான் கசடும் கூடவே வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எஞ்சினின் வலப்பக்கத்தில் கம்பளி போன்ற ஒரு வடிகட்டி இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும். காப்பி பில்டரைக் கழுவாமல் ஒரு மாதம் டிகாக்‌ஷன் போட்டால் எப்படி இருக்கும்? அந்த வடிகட்டி அப்படித்தான் இருந்தது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். டப்பாவில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது ஞாயிறு, டாப்பெட். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்கும்போது, சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ள சிறு மூடியைத் திறந்தால், இரண்டு நீளக் கம்பிகளின் அடி தெரியும். விரலால் திருகினால் கம்பி சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. என் கணவர் இதை எனக்கு விளக்க மிகவும் சிரமப்பட்டார். "வளையல் மாதிரி என்று சொல்லுங்களேன்! கையில் சுழல வேண்டும், கழன்று விழக் கூடாது" என்றேன். அன்றிலிருந்து டாப்பெட் பார்ப்பது என் பொறுப்பாகிவிட்டது. அன்றே பிளக்கையும் துடைத்து, தீப்பொறிக்கு வழி செய்கிற பாயின்ட்டின் இடைவெளியையும் பார்த்தோம். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதை அளக்க மெல்லிய தகடுகள் கடையில் கிடைக்கும்.

மூன்றாவது ஞாயிறு, செயினும் கேபிளும். செயினின் தொய்வு ஓர் அங்குலத்துக்குச் சற்று முன்பின் இருக்கலாம். இழுத்துக் கட்டிவிட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் அது இன்னும் இறுகும். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பில் கொண்டை ஊசி போன்ற ஒரு சிறு கிளிப் இருக்கிறது. அதன் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் வழியில் எதிலாவது தட்டிக் கழன்றுவிடலாம். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டிப் பார்த்தோம். இறுகியது கணீரென்றது, தளர்ந்தது மட்டும் சுருதி சேராமல் தனியே தெரிந்தது. கிளச் கேபிளின் நுனியில் ஓர் இழை அறுந்திருந்தது. "இன்னும் நாலு மாதம் ஓடும்" என்றார் அவர். "மலையில் ஓடுமா?" என்றேன். புதுக் கேபிள் போட்டார். இன்னொன்று உபரியாகப் பையில் வைத்தார்.

எழுபது வளைவும் பிரேக் ஷூவும்

நாலாவது ஞாயிறுதான் முக்கியமானது. பின் சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்து மெலிந்திருந்தது.

"பரவாயில்லை. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாராளமாக வரும்" என்றார்.

"ஆயிரம் கிலோமீட்டர் எந்த ரோட்டில்? அண்ணா சாலையிலா, கொல்லிமலையிலா?"

அவர் பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் மாலை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போனோம். வண்டிக்கு வேண்டிய சகல சாமான்களும் விற்கிற வீதி அது. பழைய பாகம்தான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே கழற்றி வைத்த வண்டிகளின் நடுவே நடப்பது, பெரிய பாத்திரக் கடைக்குள் நடப்பது போலத்தான். ஆனால் பிரேக் ஷூவைப் பழையதாக வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் நான்தான் கேட்டேன். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்து, "சாருக்கு எந்த மாடல்?" என்றார். "சாருக்கு இல்லை, எனக்கு. 84 மாடல், பின்பக்க ஷூ" என்றேன். மனிதர் நல்லவர், சிரித்துவிட்டு, இரண்டு பெட்டிகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். புது லைனிங்கில் கிரீஸ் பட்ட விரலை வைக்காதீர்கள்.

இவை தவிர, வண்டிக்கு மூன்று புது வசதிகளும் செய்துகொண்டோம். 6 வோல்ட் விளக்கு, குத்துவிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு போவது போல இருந்தது. எலெக்ட்ரீஷியன் ஒருவர் உதவியுடன் 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். விளக்கை மட்டும் மாற்றினால் போதாது. மின்சாரம் உண்டாக்குகிற பாகம், பாட்டரி, ஹாரன் எல்லாமே மாற வேண்டும். இரண்டாவது, பின் ஸீட்டுக்குக் கெட்டியான பஞ்சு மெத்தை. மூன்றாவது, பின் சக்கரத்தை மூடும் கம்பி வலை. புடைவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் காப்பது அது. கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இந்த மறைப்பும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சத்தம் போடுகிற சைலன்ஸர் ஒன்றை மாட்டலாமா என்று அவர் கேட்டார். சட்டமும் அதற்கு இடம் தராது, நானும் இடம் தரவில்லை!

மலை ஏறினோம்

ஆளுக்கொரு ஹெல்மெட்டுடன் விடியற்காலையில் கிளம்பினோம். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் பயணம். பழைய எஞ்சினை விரட்டாமல், ஒன்றரை மணிக்கு ஒரு முறை நிறுத்தினோம். எஞ்சின் ஆறுகிற நேரத்தில் நாங்கள் காப்பியை ஆற்றினோம். இரவு நாமக்கல்லில் தங்கினோம். காலையில், கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்கு வந்தோம். அங்கேதான் மலை தொடங்குகிறது.

70 கொண்டை ஊசி வளைவுகள்! முதல் பத்து வளைவு வரை எண்ணிக்கொண்டே போனேன். பிறகு எண்ணிக்கை மறந்துவிட்டது. வளைவுக்கு வளைவு கீழே சமவெளி சிறுத்துக்கொண்டே போயிற்று. காற்றில் குளுமை ஏறிற்று. மிளகுக் கொடி மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் குவிந்து கிடந்தன. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். பார்க்க ஆட்டுக்கால் போல மயிரோடு இருக்கும் அந்தக் கிழங்கு, மிளகும் சீரகமும் சேர்ந்ததும் எத்தனை ருசி!

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். இந்த மலையை ஆண்டவன். அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அந்தச் சாரலில் நின்றபோது நாலு ஞாயிற்றுக்கிழமைகளின் கரியும் கிரீஸும் மறந்தே போய்விட்டன.

இறங்கும் வழியில்

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. இரண்டாவது கியரில், எஞ்சினையே பிரேக்காக வைத்துக்கொண்டு இறங்கினோம். எதிரே ஏறி வருகிற வண்டிகளுக்கு வழிவிட்டோம். பாதி மலை இறங்கியிருப்போம். ஓர் இளம் தம்பதி சாலையோரம் நின்றிருந்தார்கள். வண்டியிலிருந்து கருகிய வாடை வந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

"பிரேக்கு புடிக்கவே மாட்டேங்குதுங்க்கா" என்றாள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை மட்டுமே அழுத்தி அழுத்தி இறங்கி வந்திருக்கிறார்கள். டிரம் காய்ந்து கொதித்துவிட்டது. அந்தத் தம்பி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் ஊற்றப் போனார். என் கணவர் தடுத்தார். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் கேடு. தானாக ஆற வேண்டும். சூட்டோடு திருகியும் வைக்கக் கூடாது; ஆறியதும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வண்டி ஆறியதும் பிரேக் கம்பியின் முனையிலிருந்த திருகை நான் காட்டினேன். அந்தப் பெண் தானே திருகி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா பின்னாலதானுங்க உட்காந்துக்கிட்டு வாறேன். இது இங்க இருக்குதுன்னே தெரியாதுங்க்கா" என்றாள்.

பிறகு இரண்டு வண்டிகளும் இரண்டாவது கியரில், ஒன்றன்பின் ஒன்றாகக் காரவள்ளி வந்து சேர்ந்தன.

சகோதரிகளே, எஞ்சினை நாம் பிரித்து மாட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் யாராவது ஸ்பானர் பெட்டியைத் திறந்தால், ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போடுங்கள். "பிரேக் லைனிங் எவ்வளவு இருக்கிறது? காட்டுங்கள், பார்க்கிறேன்" என்று கேளுங்கள். காட்டினால் சந்தோஷம். காட்டாவிட்டால், அந்த வாரம் பஸ்ஸில் போய்விடுங்கள்!