பலகை எந்த ஊருக்கு வந்தாலும் காயத்தை யார் எழுதுவது?

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக மாறினால், அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் போய்விடும். ‘தலைமை’ என்கிற தகுதி மாவட்டத்தின் வேறோர் ஊருக்குத் தர வேண்டியதாகிவிடும். அந்தப் பலகை யாருக்கு என்பதில் நம் பக்கத்து டீக்கடைகளில் ஓடிய வாக்குவாதத்தைக் கேட்டிருப்பீர்கள். மில்லும் தறியும் சாலை விபத்தும் எங்களிடம்தானே என்பார் ராஜபாளையத்துக்காரர். மாவட்ட நீதிமன்றமே இங்கேதான் இருக்கிறது, ஆஸ்பத்திரி மட்டும் ஏன் அங்கே என்பார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

நாங்களும் கொஞ்ச நாள் அந்தச் சண்டையில் ஒரு பக்கம் நின்றோம். இப்போது நிற்பதில்லை. அதற்குக் காரணம் ஓர் இரவு.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் கோயில் கொடை. எங்கள் காலனித் தம்பி ஒருவனைத் தெருவில் பைக் ஓட்டினான் என்று நான்கு பேர் கம்பால் அடித்தார்கள். நால்வரும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், ஒருவன் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். பக்கத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரி பதினோரு மணி. தம்பி தெளிவாகப் பேசினான், நான்கு பேரின் பெயரையும் சொன்னான். தலையில் கட்டுப் போட்டார்கள், “ஸ்கேன் எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். விபத்துப் பதிவேட்டில் எதையும் எழுதவில்லை. கேட்டோம். “போற இடத்துல எழுதுவாங்க” என்றார்கள்.

ராஜபாளையத்திலிருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரை எண்பதுக்கு மேல். போகிற வழியிலேயே தம்பிக்கு நினைவு தப்பிவிட்டது. அம்மா வண்டியில் அழுதுகொண்டிருந்தார். நாங்கள் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தோம். போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்தது என்று டாக்டர் கேட்க, வண்டியில் வந்த ஊழியர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். ‘அடையாளம் தெரியாத நபர்கள் தாக்கியதாக’ என்று பதிவானது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அவர்களைத் தெரியாது, அவ்வளவுதான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானது. விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்தார்: “முதலில் யாரென்றே தெரியாது என்றுதானே சொன்னீர்கள்? பெயர்கள் பிறகு எங்கிருந்து வந்தன?” கூண்டில் நின்ற தம்பி எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

மற்றவர்களுக்கு மருத்துவமனை வைத்தியம் பார்க்கும் இடம். நமக்கு அது முதல் சாட்சியும்கூட. காயச் சான்று அங்கிருந்துதான் வருகிறது. கொலை வழக்கு என்றால், குடும்பத்துக்குச் சேர வேண்டிய நிவாரணத்தில் பாதியைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் தர வேண்டும் என்கின்றன வன்கொடுமைத் தடுப்பு விதிகள். சிகிச்சை தூரமாகப் போனால் இந்தப் பதிவுகளும் தூரமாகப் போகின்றன. போலீசுக்காகக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது 1989இல். அதைச் செய்தார்கள், ஒப்புக்கொள்கிறோம். எழுதுவதைத்தான் செய்யவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தரம் உயர்ந்தால் கட்டில் கூடும், கழுவ வேண்டிய தரையும் கூடும். டாக்டர், நர்ஸ் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் உண்டு, அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீதம். துப்புரவு வேலையோ ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. அங்கே இட ஒதுக்கீடு கிடையாது. ஆனால் வார்டில் துடைப்பத்தோடு நிற்கும் அக்காக்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள். புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது இவர்களுக்கு உடை மாற்ற ஓர் அறை கேட்டால் சிரிக்கிறார்கள்.

அதனால் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் கொடுத்த மனுவில் பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு ஊரிலும் இரவில் ஸ்கேனும் அதைப் படிக்க ஆளும் வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு முன் அடிபட்டவர் வாயால் சொன்னதைப் பதிவேட்டில் எழுதி, நகலைக் கையில் தர வேண்டும். துப்புரவுப் பணியிடங்கள் நிரந்தரமாக வேண்டும். இவைதான் கேட்டோம். மனுவை வாங்கிய அலுவலர், “எந்த ஊருக்குன்னு போடலையே?” என்றார். இரண்டு ஊர்ப் பெயரையும் அவர் முன்னாலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தோம்.

தோழர்களே, உங்கள் பகுதி வழக்குகளின் ஏ.ஆர். காப்பி இருந்தால் பெயர்களை மறைத்து எங்களுக்குக் கொடுங்கள். எத்தனை நகலில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று இருக்கிறது, அதில் எத்தனை பேர் உண்மையில் அடுத்த தெருக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மனுவோடு அதை இணைக்க வேண்டும்.