அக்காவுக்கு ஒரு வாழ்த்து அட்டை

மண்ணச்சநல்லூர் பக்கம் என் அக்காவுக்கு இரண்டு ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடுகள். "ஒரு நாள் வெளியே போய் வரலாம்" என்று போனில் எப்போது கூப்பிட்டாலும், "மாட்டை யாரு பார்க்கிறது தம்பி?" என்று முடித்துவிடுவார்.

இந்த வருடம் அவருக்கு 60 முடிந்தது. ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, உள்ளே இப்படி எழுதித் தபாலில் போட்டேன்: "ஞாயிறு காலைக் கறவை முடிந்ததும் முக்கொம்பு போகிறோம். சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிடலாம். மதியம் தண்ணீர் காட்டப் பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று."

அட்டை கிடைத்த அன்றே போன். "புளிசாதம் கட்டிடவா?"

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் எத்தனையோ முறை வந்தவர், மேற்கே இருக்கும் முக்கொம்பைப் பார்த்ததில்லை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து ஸ்ரீரங்கம் தீவாவதும் அங்கேதான். அக்கா வயலுக்கு வரும் பெருவளை வாய்க்காலும் அந்த வட்டாரத்தில்தான் பிரிகிறது. 2018-ல் மதகுகள் உடைந்த இடத்தைக் கேட்டுப் பார்த்தார். பாலத்தில் வெகுநேரம் நின்றார்.

"நாற்பது வருஷமா மடைத் தண்ணிக்குச் சண்டை போட்டிருக்கேன். எங்கேயிருந்து வருதுன்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

எத்தனையோ விவசாயிகளைக் கண்டுணர்வுச் சுற்றுலா அழைத்துப் போன எனக்கு, அக்காவை அழைக்க இத்தனை காலமாயிற்று.

உங்கள் வீட்டிலும் மாட்டுக்காகவே வீட்டோடு இருப்பவர் உண்டா? அடுத்த பிறந்தநாளுக்கு எழுதிக் கூப்பிடுங்கள். மாட்டை யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.