மூன்று சுழியும் இரண்டு சுழியும்

மும்பையில் இரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவன், 34ஆம் வயதில் சித்திரம் பயிலப் போனான் என்றால் நண்பர்கள் நகைப்பது இயல்பே. எம்மையும் நகைத்தனர். யாம் படித்தது பத்தாம் வகுப்பு. தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானமையின், கருணை நியமனத்தில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானோம். எனினும் இளமையில் நிறைவேறாத ஆசை ஒன்று நெஞ்சின் மூலையில் கிடந்தது. அஃது எழுத்து வரையும் ஆசை. ஆதலின் சென்ற ஆண்டு, ஞாயிறுதோறும் நடைபெறும் கிராபிக் டிசைன் வகுப்பொன்றில் சேர்ந்தோம். உடன் பயின்றோர் அனைவரும் எம்மினும் பத்துப் பன்னிரண்டு வயது இளையோர். அவ்வகுப்பில் யாம் செய்த மூன்று வேலைகளைப் பற்றி அன்பர்களிடம் சில சொல்ல விரும்புகிறோம்.

முதல் வேலை, அவரவர் தாய்மொழியில் ஓர் எழுத்தை ஓரடி உயரத்தில் கையால் வரைதல். ஆசிரியர் மராத்தியர், தமிழ் அறியாதவர். யாம் அகரத்தை வரைந்து காட்டினோம். "இங்கே கோடு ஏன் தடிக்கிறது? அங்கே ஏன் மெலிகிறது?" என்று வினவினார். எம்மால் விடை கூற இயலவில்லை. நாள்தோறும் எழுதும் எழுத்தை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். ஆசிரியர் எம்மைத் தேற்றும் பொருட்டு ஒரு செய்தி சொன்னார். 2010ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் என்பவர் தமிழர். இதே மும்பையின் பொவாய் ஐ.ஐ.டி.யில் பயின்றவர், மாணவராக இருந்தபோது அவர் செய்த வேலைகளுள் ஒன்று, ஒரு தமிழ் எழுத்துருவை அமைத்தது. "உம் மொழியின் எழுத்து உமக்குப் போதிய பள்ளிக்கூடம்" என்றார் ஆசிரியர்.

இரண்டாம் வேலை, இரயில் நிலையத்தில் ஒட்டுதற்குரிய ஓர் அறிவிப்பு. இஃது எம் சொந்தக் களம் அன்றோ என்று செருக்குற்றோம். நான்கு வண்ணம், நிழல் விழும் எழுத்து, ஓரமெல்லாம் பூங்கொடி! ஆசிரியர் அதனைக் கூடத்தின் கோடியில் மாட்டி, முப்பதடி அப்பால் நின்று படிக்கச் சொன்னார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. மறுநாள் வேலைக்குச் செல்கையில் நடைமேடையில் நின்று நிமிர்ந்து பார்த்தோம். மஞ்சள் பலகை, கறுப்பெழுத்து, மூன்று மொழி; வேறு யாதும் இல்லை. ஓடும் வண்டியில் இருப்பவனும் ஊரை அறிந்துகொள்கிறான். எம் ஆபீஸ் வேலையும் நினைவுக்கு வந்தது. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., திருநெல்வேலிக்கு டி.இ.என். என்று மூட்டைமேல் மூன்றெழுத்துக் குறி இடுவோம். அவற்றுள் ஓரெழுத்து மங்கினாலும் மூட்டை வழிதவறிப் போகும். எழுத்தின் முதற்கடன் போய்ச் சேர்வது என்று தெளிந்தோம். ஆனால் அத்தெளிவு நெடுநாள் நிற்கவில்லை.

மூன்றாம் வேலை, தம் இல்லத்தில் ஒருவருக்குப் பயன்படும் ஒரு பொருள்.

இங்கே எம் குடும்பச் செய்தி சிறிது கூற வேண்டும். தந்தையார் மறைவுக்குப் பின் எம் தாயார் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எம் ஊருக்கே திரும்பிவிட்டார். இரண்டாண்டுகளாக அவருக்குக் காது மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தோம்; இரைச்சல் பொறாமல் கழற்றி வைத்துவிட்டார். தொலைபேசியில் யாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்வார். கைபேசியில் முகம் பார்த்து ஆச்சியும் பேர்த்தியும் சிரித்துக்கொள்வர், பேச்சு நடவாது. ஆகவே தாயார் கடிதம் எழுதலானார். எட்டு வயதான எம் மகளோ பள்ளியில் ஆங்கிலமும் நாகரி எழுத்தும் கற்றவள். தமிழ் பேசுவாளேயன்றிப் படிக்க அறியாள். ஒருநாள், "எனக்கு வந்த கடிதத்தை நீங்கள் ஏன் படிக்கிறீர்கள், அப்பா?" என்று கேட்டாள். அக்கேள்வி எம்மை வருத்திற்று. குற்றம் அவளுடையதன்று, கற்பியாத எம்முடையது.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 அட்டைகள் செய்யத் துணிந்தோம். மீண்டும் பழைய ஆசை தலைதூக்கியது. ஒவ்வோர் எழுத்தையும் கொடியாகவும் மயிலாகவும் வளைத்தோம். வகுப்பே பாராட்டியது. ஆசிரியர், "கண்காட்சியில் வைக்கலாம்" என்றார். மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொணர்ந்தோம்.

மகள் அட்டைகளைப் புரட்டினாள். "இவற்றுக்குத் தலைக்கோடு ஏன் இல்லை?" "இந்தியில் நான்கு எழுத்து, தமிழில் ஒரே ககரமா?" என்று கேட்டாள். கடல், தங்கம் என்னும் சொற்களைச் சொல்லிக் காட்டி, இடத்துக்கேற்ப ஒலி மாறும் என்று விளக்கினோம். பிறகு ஓரட்டையை எடுத்து, "இதில் எத்தனை சுழி, அப்பா?" என்றாள். ணகரமா னகரமா என்று எமக்கே ஐயம் உண்டாயிற்று! சுழிகளைப் பிணைத்துக் கொடியாக்கியவர் யாமே அன்றோ?

மறு ஞாயிறு வேலையை ஒப்படைக்க வேண்டும். அழகிய அட்டைகளையே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வேறு செய்யலாமே என்று மனம் சொல்லிற்று. ஆயின், பயன்படாத பொருளைப் பயன்படும் பொருள் என்று கொடுப்பது பொய்யாகும். ஐந்து இரவுகள் கண்விழித்து, மஞ்சள் அட்டையில் கறுப்பு மையால், சுழிகள் தெளியும்படி எளிமையாக வரைந்தோம். மேலும் 13 அட்டைகள் சேர்த்தோம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் பள்ளிப் படிப்பை முடித்தவர் எம் தாயார். யானைத் துதிக்கை போன்ற பழைய 'லை', 'னை' முதலியவற்றையே அவர் இன்றும் எழுதுகிறார். அவ்வடிவங்களை அறியாமல் அவர் கடிதத்தைப் படிக்க முடியாது.

ஆசிரியர் அட்டைகளைப் பார்த்தார். "முன்னவற்றுக்கு 80 மதிப்பெண் இட்டிருப்பேன். இவற்றில் புதுமை இல்லை, 60தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "மகள் படித்தாளா?" என்று வினவினார். "படிக்கிறாள்" என்றோம். தலையசைத்தார், 60 அறுபதாகவே நின்றது.

நான்கு திங்கள் கழிந்தன. மகள் தானே ஓர் அஞ்சலட்டை எழுதினாள். "ஆச்சி, உங்கள் கன் நலமா?" என்று அதில் இருந்தது. யாம் திருத்தாமலே அஞ்சலில் சேர்த்தோம். பத்து நாளில் மறுமொழி வந்தது. வாங்கக் கை நீட்டினோம், கொடுக்கவில்லை. ஒரு துதிக்கை எழுத்திடம் மட்டும் தயங்கி, அட்டையைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உரக்கப் படித்தாள்: "கண்ணுக்கு மூன்று சுழி, என் கண்ணே. நீ எழுதியதைப் படித்த கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை."

அழகு வேண்டா என்று யாம் கூறவில்லை. அழகு எழுத்தின் வழியை மறிக்கலாகாது என்பதே யாம் கற்ற பாடம். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய பேரர் பேர்த்தியர் உளர். அட்டைகளின் படி ஒன்றைச் சங்கத்து நூலகத்தில் வைத்துள்ளோம். வேண்டுவோர் பார்த்து வரைந்துகொள்ளலாம். சுழிகளை மட்டும் எண்ணி வரைக!