நனைந்த தானியமும் கசிந்த டீசலும்

 

ஒக்கூரில் எங்கள் வீட்டு வாசலில், அத்தா விட்டுச் சென்ற பழைய அம்பாசடர் டீசல் கார் ஒன்று நின்றது. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. சென்ற ஆண்டு அதனை விற்க முனைந்தேன். காலையில் அது எளிதில் கிளம்பாது. டீசல் பம்பின் அடியில் எப்போதும் ஈரம் படிந்திருக்கும்.

"நன்றாகத் துடைத்து, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுங்கள் ஹஜ்ரத். பார்க்க வருபவருக்கு ஒன்றும் தெரியாது" என்றார் தரகர். மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கியிருந்தது. என் மனம் சாய்ந்தது; துணியை எடுத்துத் துடைத்தும் வைத்தேன்.

மறுநாள் மதரஸாவில் நடத்த வேண்டிய பாடம், ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இதனை விளக்கிக்கொண்டிருந்த என் விரல்களில் டீசல் வாடை வீசிற்று.

அன்றே காரைக்குடிக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். பட்டறைக்காரர் காரணத்தை விளக்கினார். பம்பில் டீசலைத் தடுத்து நிறுத்துபவை சிறிய ரப்பர் சீல்கள்; பழையவை நைட்ரைல் ரப்பரால் ஆனவை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில், பத்து லட்சம் பங்குக்குக் கந்தகம் 10 பங்குக்கு மேல் இராது. கந்தகத்தை நீக்கும்போது ரப்பரை உப்ப வைக்கும் சில வேதிப்பொருள்களும் குறைகின்றன. பழைய டீசலில் ஊறி இறுகிய சீல் சுருங்குகிறது. ஓடும்போது டீசல் கசிகிறது. நிற்கும்போது காற்று உட்புகுகிறது.

டைமிங் குறியிட்டுப் பம்பைக் கழற்றி, விட்டான் சீல்களைப் பொருத்தினார். சோதனை மேடையில் டீசல் அளவைச் சரிபார்த்து, மீண்டும் பூட்டிக் குழாய்களிலிருந்த காற்றை வெளியேற்றினார். சீல்களின் விலை சொற்பம், கூலியே பெரிது.

வாங்க வந்தவரிடம் யாவற்றையும் கூறினேன். அடித்தளத்தின் துருவையும் காட்டினேன். அவர் விலையைக் குறைத்தார், கொடுத்துவிட்டேன். கட்டணத்தை இரு தவணைகளில் செலுத்த நேர்ந்தது. ஆயினும் அடுத்த பாடத்தின்போது பிள்ளைகளின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் வீட்டிலும் விற்பனைக்கு ஒரு பொருள் இருக்கலாம். விலை பேசுமுன் அதன் ஈரத்தை எடுத்து மேலே வையுங்கள்.