ரோட்டுக்கும் ரேட் போட்ட ஊர்!
தெள்ளார் பசங்களே, சிங்கப்பூர்ல இறங்கினா முதல்ல ரோட்டைப் பாருங்க. 1975-லயே அங்க காலை நேரத்துல நகர மையத்துக்குள்ள கார் நுழைய 3 டாலர். லைசென்ஸ் தாளை முன்கண்ணாடியில ஒட்டணும். நாலு பேர் சேர்ந்து வந்தா ஃப்ரீ! 1998-ல் ரோட்டுக்கு மேல இரும்பு வளைவு வந்துச்சு. அடியில போனாலே கார்டுல காசு கட். கூட்ட நேரத்துல ரேட் ஏறும், மத்த நேரம் இறங்கும். 2023 முதல் வண்டியிலயே சாட்டிலைட் கருவி மாட்ட ஆரம்பிச்சாங்க. 2003-ல் லண்டன், 2025-ல் நியூயார்க்னு மத்த ஊர்களும் காசு கேட்க ஆரம்பிச்சாச்சு.

ஆனா விஷயம் வளைவுல இல்ல மச்சி! காரை வீட்ல விட்டுட்டு வர்றவங்களுக்கு அங்க ரயிலும் பஸ்ஸும் ரெடி. நம்ம அண்ணா சாலையில காசு கேட்கிறதுக்கு முன்னாடி, படியில தொங்காம போக பஸ் வேணும். இல்லேன்னா காசு உள்ளவங்களுக்குக் காலி ரோடு. நமக்கு அதே ஃபுட்போர்டு!